பத்தொன்பது பேரும் ஒரு சால்வையும்

அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். முப்பத்தைந்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. ஆள் எந்த நாட்டில் இருக்கிறாரோ, உயிரோடுதான் இருக்கிறாரோ, ஒன்றும் தெரியாது. ஆனாலும் எங்காவது ஒரு நல்ல படத்தைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தோசம் இல்லை, எரிச்சல். நல்லாய் இருந்த என்னை இப்படி ஆக்கிவிட்டுப் போனவர் அவர்தான்.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னாலும் பிழையாகத்தான் சொல்வேன். பாரிசில், லா சப்பல் பகுதியில், எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் சீனாக்காரர். வேலை செய்த இடத்தில் அவரையும் 'ஏய்' என்றார்கள், என்னையும் 'ஏய்' என்றார்கள். ஒரு ஏய்க்கு இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகம், மட்டிக்குப் பேர்போனது. நான் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் அவர் மட்டி கழுவினார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வார், அதனால் ஒரு காது எப்போதும் கூடுதலாகத் தெரியும். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். படிக்கவென்று விசா எடுத்து வந்தவர், வந்த இடத்தில் மட்டி கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது சமையலறைப் பிரெஞ்சு. வினைச்சொல் எல்லாம் மொட்டையாக நிற்கும். அவர் சொன்னதை நான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் எரிச்சல் விளங்காது. ஊரில் நான் பெயின்டர். சுவருக்கு வெள்ளை அடிக்கிற பெயின்டர் இல்லை. கடைப் போர்ட், பஸ்ஸுக்கு எழுத்து, சினிமாக் கொட்டகைக்கு இருபதடி கட்-அவுட். எல்லாவற்றுக்கும் கீழ் மூலையில் 'வரதன் ஆர்ட்ஸ்' என்று சாய்த்துப் போடுவேன். பாரிசுக்கு வந்தபிறகு அந்தக் கை தேடிக்கொண்ட ஒரே இடம் எங்கள் சங்கம். லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருந்த செல்வராசா அண்ணைதான் அதற்குத் தலைவர். கடைக்கு மேலே ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம். விழாவுக்கு விழா பின்திரை எழுதுவது என் பொறுப்பு. முதல் வருசம் மூலையில் என் பெயரைப் போட்டதற்கு, "தம்பி, இதிலை ஏற்கெனவே எழுத்துக் கூடிப்போச்சு" என்று செல்வராசா அண்ணை அழிக்கச் சொன்னார். அழித்தேன். அதற்குப் பிறகு சங்கத்தில் எனக்குப் பெயர் 'போர்ட் எழுதிற தம்பி'.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாராவது ஒருத்தர், ஒரு தரமாவது, என்னை ஓவியன் என்று சொல்லவேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறெதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

சீனாக்காரரும் படம் கீறுகிறவர் என்பது மூன்றாம் கிழமைதான் தெரிந்தது. மட்டி வாளிகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு, உணவுச் சீட்டின் பின்பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் என்னவோ கீறுவார். எட்டிப் பார்த்தேன். எல்லாம் கைகள். முகம் ஒன்றுகூட இல்லை.

எங்கள் தலைமைச் சமையல்காரன் பெரிய சத்தக்காரன். அவன் கத்தத் தொடங்கினால் கையிலிருக்கும் கோப்பை வழுக்கும், எனக்கு அப்படிப் பயம். ஒருநாள் அவன் என்மேல் பாய்ந்து பாய்ந்து கத்திக்கொண்டிருந்தபோது சீனாக்காரர் மட்டித் தண்ணீருக்குள் குனிந்தபடி, "கையைப் பார்" என்று முணுமுணுத்தார். பார்த்தேன். அவனுடைய வலது கை என் முகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. இடது கை பின்னால் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் வெளுக்கும் அளவுக்கு. கண் கதவில். கதவுக்கு அந்தப் பக்கம் பத்ரோன், எங்கள் முதலாளி, நின்றார். மனுசன் பத்ரோனுக்குப் பயந்து என்மேல் கத்துகிறான். இரண்டு வருசம் அந்தச் சமையலறையில் நின்றவன் நான், வந்து இருபது நாள் ஆனவர் அவர். எனக்குப் பயம் போனது உண்மை. ஆனால் அந்த இடத்திலேயே அவர்மேல் பொறாமை, பொச்சரிப்புத் தொடங்கியதும் உண்மை.

இந்தக் 'கையைப் பார்' என்பது அவருடைய வாய்ப்பாடு. மெத்ரோ ரயிலில் ஒருவர் பத்திரிகை படித்தால், பொலிஸ் மறித்து அடையாளக் காட் கேட்டால், செல்வராசா அண்ணையின் கடையில் பெண்கள் கத்தரிக்காய் தெரிந்தெடுத்தால், எங்கேயும் விலாவில் முழங்கையால் இடித்து அதைத்தான் சொல்வார். ஆட்களுடைய முகம் அவர்கள் காட்ட விரும்புவதைக் காட்டுமாம், கை அவர்களுக்கு வேண்டியதைத் தேடுமாம். இதை ஒரு தரம்தான் விளக்கிச் சொன்னார், அதுவும் நான் வற்புறுத்திக் கேட்டதால்.

மார்க்ஸ் டோர்மோய் தெருவில் நாங்கள் நாலு பேர் ஐந்தாம் மாடியில் இருந்தோம். ஆறாம் மாடியில், கூரைக்கு அடியில், ஒரு அறை காலியாக இருப்பதாக நான்தான் அவருக்குச் சொன்னேன். வேண்டாத வேலை. அவர் குடிவந்த பிறகு மாடிப்படியெல்லாம் எண்ணெய் வர்ணத்தின் மணம். அந்த மணம் எனக்கு எனாமல் மணம் மாதிரி இல்லை, அதில் ஒரு மதிப்பு இருந்தது. இரவில் படுத்திருக்கும்போது மூக்கை அடைத்துக்கொள்வேன்.

முதல்தரம் அவருடைய அறைக்குள் போனபோது கட்டிலே தெரியவில்லை. சுவர் முழுக்கப் படம். ஊரில் அவர் ஒரு தொழிற்சாலையில் பிரசாரப் பகுதியில் வேலை செய்தவராம். தலைவர் படம், தொழிலாளி படம், கதிர்க் கட்டோடு நிற்கிற பெண் படம். கன்னம் சிவந்திருக்கவேண்டும், கண் வலப்பக்கத்து மேல் மூலையைப் பார்க்கவேண்டும், பின்னால் சூரியன் உதிக்கவேண்டும். பன்னிரண்டு வருசம் அதைக் கீறிய கை. அதே கையால், அதே கன்னம், அதே சூரியனை வைத்து இங்கே அவர் கீறியது பிரெஃபெக்தூர் அலுவலக வரிசையை. விசாவுக்கு நிற்கிற ஆபிரிக்கர், துருக்கியர், எங்கள் ஆட்கள், எல்லோரும் மலையை வெல்லப் போகிறவர்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கையில் இலக்கத் துண்டு. மற்றக் கை முன்னால் நிற்பவரின் துண்டில் என்ன இலக்கம் என்று மெல்லத் திருப்பிப் பார்க்கிறது. ஒவ்வொருவருடைய கையும். இன்னொரு படத்தில் ஒரு பெரிய விருந்து, அதிகாரிகள் ஒருவருக்கொருவர் கைதட்டுகிறார்கள், தட்டுகிற கைகளின் நிழல் மீனைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கீழே வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் அந்த வரிசையில் மூன்று வருசம் நின்றவன். பக்கத்தில் நின்றவனுடைய இலக்கத்தைத் திருப்பிப் பார்த்த கை என்னுடைய கை. அதைப் படமாகப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

விட்டுவிடவில்லை. நானும் எண்ணெய் வர்ணம் வாங்கினேன். ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒளித்து வைத்துத் தலைமைச் சமையல்காரனைக் கீறினேன். மூக்கைப் பெருப்பித்தேன், வாயைக் கிழித்தேன், இடது கையை மேசை விளிம்பில் வைத்தேன். கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"உனக்கு இவனைப் பிடிக்காது" என்றார்.

"பிடிக்காது."

"அது தெரிகிறது. ஆள் தெரியவில்லை."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். பிறகு என்னுடைய பின்திரை ஒன்றைக் காட்டியபோது, "எழுத்து மிக நன்றாக இருக்கிறது" என்றார். பின்திரையில் குத்துவிளக்கு இருந்தது, யாழ் இருந்தது, இரண்டு பக்கமும் யானை இருந்தது. எழுத்து நன்றாக இருக்கிறதாம். அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்தபோது என்னைக் காட்டி, "நண்பன். கோப்பை கழுவுகிறான்" என்று அறிமுகம் செய்தார். வந்தவரை 'ஓவியர்' என்றார். அந்த ஓவியரை நான் பார்த்தேன், விரலில் ஒரு வர்ணப் பொட்டுக்கூட இல்லை.

அந்த வருச ஆண்டுவிழாவுக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். அன்பினால் இல்லை. இருபதடிப் பின்திரையை மெத்ரோவில் கொண்டுபோக மறு நுனியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபம். அவர் முன்வரிசையில் இருந்து ஒரு சொல்லும் விளங்காமல் மூன்று மணித்தியாலம் பார்த்தார். வடை கொடுத்தார்கள், சாப்பிட்டார். குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக் கீறிக்கொண்டேயிருந்தார்.

எங்கள் சங்கத்தில் அப்போது ஒரு நடைமுறை இருந்தது. கௌரவிக்கவேண்டிய ஆட்கள் வருசாவருசம் கூடிக்கொண்டு போனார்கள். பொன்னாடை கூடவில்லை, சென்னையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த நாலே நாலுதான். ஆகவே மேடையில் போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், ஆள் ஒரு பக்கத்தால் இறங்கித் திரைக்குப் பின்னால் போனதும் அதை வாங்கி மடித்து மறுபக்கத்தால் மேடைக்கு அனுப்புவார்கள். யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. படம் இருக்கிறது, ஊருக்கு அனுப்பலாம். போர்த்தியவருக்கு அடுத்ததாக மற்றவர் போர்த்துவார், அவருக்கு இன்னொருவர். திரைக்குப் பின்னால் நின்று மடிக்கிற வேலையும் பெரும்பாலும் என்னிடம்தான் வரும். நாலு வருசத்தில் என் தோளில் ஒன்றும் விழுந்ததில்லை, கையால் மடித்தது மட்டும்தான்.

திரும்பி வரும்போது மெத்ரோவில் சீனாக்காரருடைய தோள் குலுங்கிக்கொண்டேயிருந்தது. "ஒரு சால்வையில் சின்ன ஓட்டை. விளக்கில் சுட்ட ஓட்டை. அது ஏழு தரம் வந்தது" என்றார்.

இரண்டு மாதம் கதவைப் பூட்டிக்கொண்டு கீறினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ஒரு ஆள் உயரம், இரண்டு ஆள் அகலம். எங்கள் மேடை. அதில் பத்தொன்பது பேர், எல்லோருக்கும் சிவந்த கன்னம், எல்லோருடைய கண்ணும் வலப்பக்கத்து மேல் மூலையில். செல்வராசா அண்ணைக்கு வயிறே இல்லை, நெஞ்சு மட்டும்தான். பின்னால் சூரியன். பத்தொன்பது பேரையும் சுற்றி ஒரே ஒரு நீளச் சால்வை, ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் தோளுக்கு, முடிவில்லாமல். கிட்டப்போய்க் கையைப் பார்த்தேன். ஒவ்வொரு வலது கையும் பக்கத்து ஆளுக்குச் சால்வையைப் போர்த்துகிறது. ஒவ்வொரு இடது கையும் சால்வைக்குக் கீழே மற்றப் பக்கத்து ஆளிடமிருந்து அதை மெல்ல இழுக்கிறது. முன்னால் கதிரைகள், ஒன்றிலும் ஆள் இல்லை. எல்லோரும் மேடையில்தானே.

அதில் ஒருவரிடமும் வெறுப்பு இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. வாத்தியாரான எங்கள் மாஸ்டருடைய இடது கை வெட்கப்பட்டுக்கொண்டு இழுக்கிறது. செல்வராசா அண்ணையின் கை நித்திரைக் குழந்தையின் போர்வையைச் சரிசெய்வது மாதிரி அவ்வளவு பக்குவமாக இழுக்கிறது. இந்த ஆட்கள் என்னுடைய ஆட்கள். இந்த மடிப்பை மடித்தது நான். படம் மட்டும் அவருக்கு வந்திருக்கிறது.

என்னைத் தேடினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தொன்பது முகத்தையும் பார்த்தேன். நான் இல்லை.

"நான் எங்கே?"

"நீ மேடையில் இல்லையே. பின்னால் நின்றாய்" என்றார்.

கேலி செய்யக்கூட ஆளாகவில்லை நான்.

இந்த நேரம் பார்த்துத்தான் செல்வராசா அண்ணை கடைக்கு ஒரு போர்ட் எழுதக் கேட்டு என்னைத் தேடி வந்தார். நான் மேலே நிற்பதாக அறையிலிருந்த பெடியள் சொல்ல, ஆறு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து கதவில் நின்றவர் படத்தைக் கண்டுவிட்டார். மூச்சு வாங்குவது நின்றது.

"இது நானெல்லே?" என்றார்.

"ஓம் அண்ணை."

"இது எங்கடை மாஸ்டர். இது தவம். எல்லாரும் நிக்கினம்." கிட்டப் போனார். நான் சீனாக்காரரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். செல்வராசா அண்ணையின் கண் கலங்கிவிட்டது. "ஒரே சால்வைக்குள்ளை எல்லாரும். பாத்தனீரே தம்பி? ஒற்றுமை. வேறை நாட்டு மனுசனுக்கு விளங்கியிருக்கு, எங்கடை ஆக்களுக்கு விளங்கேல்லை. கையைப் பாரும், எவ்வளவு அன்பாய் ஆளையாள் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

சீனாக்காரர் என்னிடம் பிரெஞ்சில் கேட்டார். "அவருக்குப் புரிந்ததா?"

"புரிந்தது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அந்த நேரம் எனக்கு அது இனித்தது. என் பெயரை அழிக்கச் சொன்ன மனிதர் தன்னுடைய கேலிச்சித்திரத்துக்கு முன்னால் கண்கலங்கி நிற்கிறார், அது எனக்கு மட்டும்தான் தெரியும். சீனாக்காரருக்கோ பெரிய ஆச்சரியம். புரிந்தும் கோபிக்காத மனிதரா என்று செல்வராசா அண்ணையின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். படத்தை அப்படியே கொடுத்தும்விட்டார்.

சங்க அறையில் சட்டம் போட்டுத் தொங்கவிட்டார்கள். சார்செல், ஆர்ஜொந்தெய் என்ற புறநகர்களில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். பத்தொன்பது பேரும் தங்கள் தங்கள் முகத்துக்குக் கீழே நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். நான் ஒரு மூலையில் நின்று உள்ளுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஐந்து கிழமை நீடித்தது.

பொங்கல் விழாவுக்குப் பின்திரை எழுதச் சொல்லி வாசகத் துண்டோடு வந்தார் செல்வராசா அண்ணை. 'பொங்கல் விழாவும் ஓவியர் கௌரவிப்பும்.' ஒரு கணம், கடவுளே, ஒரு கணம் அந்த ஓவியர் நான்தான் என்று நினைத்துவிட்டேன்.

"அந்தச் சீனாக்காரருக்கு ஒரு பொன்னாடை போத்துவம்" என்றார். "புதுசு எடுத்திருக்கிறம். திருப்பி வாங்கிற எண்ணமில்லை. நீர் 'ஓவியர்' எண்டதைக் கொஞ்சம் பெரிசாய் எழுதும்."

எழுதினேன். என் கை பொய் சொல்லாது, நல்லாய்த்தான் எழுதியது. நாலடி உயரத்தில் ஓ, வி, ய, ர். சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் கரை. தரையில் முழந்தாளிட்டு அந்த 'ஓ'வின் வளைவை முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் போனேன்.

பதினொரு பேர் இருந்தார்கள். "அண்ணை, உந்தப் படத்தைப் பற்றி ஒண்டு சொல்லவேணும்" என்றேன். எழுத்துக்குக் கோடு போடுகிற நீள மரச்சட்டம் கையில் இருந்தது. அதை நீட்டி முதல் ஆளில் தொடங்கினேன். இது மாஸ்டர். இது வலது கை, போர்த்துது. இடது கை எங்கை? கிட்ட வந்து பாருங்கோ. பக்கத்து ஆளின்ரை சால்வையிலை. விரலைப் பாருங்கோ, வெக்கப்பட்டுக்கொண்டு இழுக்குது. இது தவம் அண்ணை. இது நீங்கள். உங்கடை முகம் எங்கை பாக்குது? மேலை. ஏன் மேலை? ஏனெண்டால் கீழை நடக்கிறது உங்களுக்குத் தெரியாதாம். கதிரை ஏன் வெறுமை? இந்த ஓட்டையைப் பாருங்கோ, இது எங்கடை ஓட்டை. உங்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச ஓட்டை.

பத்தொன்பது பேரையும் சொன்னேன். ஒரு கையையும் விடவில்லை. கன்னத்துக்கு ஏன் அந்தச் சிவப்பு, சூரியன் ஏன் அந்த இடத்தில், எல்லாம் சொன்னேன். ஒருவர்கூட இருமவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒரு படத்தைப் பற்றிக் கதைக்க, ஆட்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டது அந்த ஒரு மணித்தியாலம்தான். எவ்வளவு நன்றாகக் கதைத்தேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த இன்பத்தை நான் மறைக்கப்போவதில்லை.

முடித்தபோது தவம் அண்ணை மட்டும் ஒரு தரம் சிரித்தார், மற்றவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செல்வராசா அண்ணை எழுந்துபோய்ப் படத்தைத் தானே கழற்றினார். கீழே கொண்டுபோய், கடையின் பின்பக்கத்தில், அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

"உமக்கு இது முதலே தெரியும்?"

"ஓம் அண்ணை."

"அண்டைக்கு நான் அங்கை நிண்டு கண்கலங்கேக்கையும்?"

கையிலிருந்த மரச்சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"படத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லும். விழாவுக்கு வரத் தேவையில்லை எண்டும் சொல்லும்." அவ்வளவுதான். என்னைக் கோபிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

பின்திரை எழுதியாகிவிட்டது, அழைப்பிதழ் போய்விட்டது. கௌரவிக்க ஒரு ஓவியர் வேண்டும். விழா அன்றைக்குக் கடைசி நேரத்தில் என்னைத் திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். என் கையெழுத்தில் இருந்த 'ஓவியர்' என்ற சொல்லுக்குக் கீழே போய் நின்றேன். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். "அடுத்ததாக, எங்கள் சங்கத்துக்குப் போர்ட் எழுதித் தரும் தம்பி வரதனுக்கு..." பொன்னாடை விழுந்தது. புதியது இல்லை, ஓட்டைச் சால்வைதான். படம் எடுத்தார்கள். பக்கத்தால் இறங்கினேன். திரைக்குப் பின்னால் அன்றைக்கு மடிக்க ஆள் இல்லாததால் நானே கழற்றி, நானே மடித்து, மறுபக்கத்தால் கொடுத்தேன்.

சீனாக்காரரிடம் விழா இல்லை என்றும் படத்தை எடுக்கச் சொல்கிறார்கள் என்றும் மட்டும்தான் சொல்லியிருந்தேன். "சரி" என்றுவிட்டு மட்டி கழுவினார். உணவகம் பூட்டுகிற செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். கடையில் யாரும் எங்களோடு கதைக்கவில்லை. சாக்குகளை நகர்த்திப் படத்தை வெளியே எடுத்தோம். அவர் பின்பக்கம் பிடித்தார், நான் முன்பக்கம். மேம்பாலத்துக்குக் கீழால் நடந்தோம். மேலே மெத்ரோ போகும்போது படம் கையில் அதிர்ந்தது. காற்றும் இழுத்தது.

"அவர்களுக்கு யார் சொன்னது?" பின்னாலிருந்து கேட்டார்.

அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. "நான்" என்றேன்.

கொஞ்சத் தூரம் நடந்தோம்.

"எல்லாக் கையையும் சொன்னாயா?"

"எல்லாக் கையையும்."

"மாஸ்டருடைய கையை?"

"வெட்கப்பட்டு இழுக்கிறது என்று சொன்னேன்."

"தலைவருடைய கை?"

"குழந்தைக்குப் போர்வை சரிசெய்வது மாதிரி. அதை அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் பார்த்தேன்."

அவர் நின்றுவிட்டார். நானும் நிற்கவேண்டியதாயிற்று. படத்தைத் தூணில் சாய்த்துவைத்தோம். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் ஒரு சொட்டு இல்லை, வேறு என்னவோ இருந்தது. சந்தோசம் மாதிரி ஒன்று. அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது.

"எங்கள் தொழிற்சாலையில் சாப்பாட்டு மண்டபத்துக்கு ஒரு படம் கீறினேன்" என்றார். "நாலு மாதம் தொங்கியது. ஆயிரம் பேர் அதற்குக் கீழே சாப்பிட்டார்கள். மேலதிகாரிகள் வந்து பாராட்டினார்கள். ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒருவன் பார்த்தான். மூன்று பக்கக் கடிதம் எழுதி மேலதிகாரிகளிடம் கொடுத்தான். கூட்டத்தில் என்னை நிற்கவைத்து அதை வாசித்தார்கள். ஒவ்வொரு விரலையும் எழுதியிருந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என் படத்தை அப்படி யாரும் பார்த்ததில்லை."

"யார் அவன்?"

"எனக்குப் பக்கத்து மேசை. அவனும் ஓவியன்." குனிந்து படத்தின் பின்பக்கத்தைத் தூக்கினார். "நல்ல ஓவியன். உன்னைப் போல."

நான் முன்பக்கத்தைத் தூக்கினேன். பாரிசில் என்னை ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். இன்றுவரைக்கும் அதுதான் கடைசித் தரமும்.